அப்பாவோட ஸ்ப்ளெண்டரும் மார்கழி காலையும்

கும்மிடிப்பூண்டி சிப்காட்ல இன்டர்ன்ஷிப். காலை 6 மணி ஷிப்ட். அப்பாவோட பழைய ஸ்ப்ளெண்டர் மார்கழிக் குளிர்ல பத்து கிக் கேட்டுச்சு. ரெண்டு நாள் லேட், அரை நாள் கட். (2020 பிஎஸ்-6க்கு அப்புறம் இன்ஜெக்‌ஷன் வண்டி வாங்கினவங்க இதைத் தாண்டிடலாம்.)

சூடான இன்ஜினுக்கு எடையில 1 பங்கு பெட்ரோலுக்குச் சுமார் 14.7 பங்கு காற்று போதும். குளிர்ல பெட்ரோல் சரியா ஆவியாகாது, அதனால கூடுதலா வேணும், அதுக்குத்தான் சோக். சோக் போட்டும் கிளம்பி உடனே நின்னா, பிளக், ஏர் ஃபில்டர் பார்த்துட்டு கார்புரேட்டருக்கு வாங்க.

இன்ஜினை நல்லா சூடாக்கிட்டுத்தான் ட்யூன் பண்ணணும். நான் குளிர்ல திருகித்தான் சொதப்பினேன். மிக்ஸ்சர் ஸ்க்ரூ ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தா உள்ளே திருகினா பெட்ரோல் கூடும்; இன்ஜின் பக்கம்னா நேர் எதிர். கால் கால் சுற்றா திருப்பி, ஐடிலிங் வேகம் உச்சத்துக்குப் போற இடத்துல நிறுத்துங்க. அப்புறம் ஐடில் ஸ்க்ரூவால வேகத்தை இறக்குங்க.

இப்போ ரெண்டாவது கிக்ல கிளம்புது. அப்பா இன்னும் நம்பல.