டச் போனுக்கு உறை வாங்கும்போது கவனிக்க வேண்டியவை



இன்று நமது லயங்களில் டச் போன் இல்லாத வீடு குறைவு. கொழும்பில் வேலை செய்யும் மகன் வீட்டாரோடு பேசுவதும், மத்திய கிழக்குக்குப் போன தாய் பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதும் அதில்தான். 2020ஆம் ஆண்டு கொரோனா காலத்தில் பாடசாலைகள் மூடப்பட்டபோது, சிக்னல் தேடி மலை உச்சிக்கு ஏறிய நமது பிள்ளைகளை நாம் மறக்கவில்லை. அடைமழை நாளில் மண்சரிவு எச்சரிக்கை வருவதும், அவசரத்துக்கு 1990 அம்புலன்சைக் கூப்பிடுவதும் இந்தப் போனில்தான்.

அதன் விலையையும் கொஞ்சம் கணக்குப் பாருங்க. 2024 செப்டெம்பரில் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா என்று நிர்ணயிக்கப்பட்டது. அந்தக் கணக்கில் 40,500 ரூபா போன் ஒன்று முழுசாக 30 நாள் பேர். தவணைக்கு எடுத்திருந்தால், போன் உடைந்தாலும் தவணை நிற்காது. ஆகவே சில நூறு ரூபாவுக்கு ஒரு உறை போடுவது வீண் செலவல்ல. ஆனால் கடையில் தொங்கும் எல்லா உறையும் போனைக் காப்பாற்றாது. பார்த்து வாங்க வேண்டும்.

உறை என்ன வேலை செய்கிறது?

கூடையின் தலைக்கயிற்றுக்கு அடியில் துணியை மடித்து வைக்கிறோம். துணி இல்லாவிட்டால் கயிறு நெற்றியை அறுக்கும். துணி இருந்தால் பாரம் பரவிவிடும். உறையும் அப்படித்தான். போன் விழும்போது பெரும்பாலும் ஒரு மூலைதான் முதலில் தரையில் படும். அடி முழுவதும் அந்தச் சின்ன இடத்தில் இறங்குவதால் கண்ணாடி வெடிக்கிறது. மெதுவான உறை தான் நசுங்கி, அடியின் வேகத்தைக் குறைத்துப் பரப்பி விடுகிறது.

மூன்று வகை உறைகள்

சிலிக்கன் உறை ரப்பர் போல மெதுவாக இருக்கும். மங்கலான நிறம், தொட்டால் வெல்வெட் மாதிரி. வளைத்தாலும் இழுத்தாலும் பழையபடி திரும்பும். கையில் நல்ல பிடி கிடைக்கும். தூசியும் நூலும் ஒட்டுவது இதன் குறை. மலிவான ரகம் சில மாதத்தில் தளர்ந்தும் போகும்.

உள்ளே தெரியும் கண்ணாடி போன்ற உறையையும் பல கடைகளில் 'சிலிக்கன்' என்றே விற்கிறார்கள். அது பெரும்பாலும் டீ.பீ.யூ. எனப்படும் வேறு பொருள். கொஞ்சம் விறைப்பாக இருக்கும். வெயிலிலும் சூட்டிலும் மஞ்சளாகும். அடியைத் தாங்குவதில் மோசமில்லை, ஆனா வழுவழுப்பானது ஈரக் கையில் வழுக்கும்.

மூன்றாவது கடும் பிளாஸ்டிக். பூவும் படமும் போட்டு அழகாக இருக்கும். கீறலைத் தடுக்கும், விழும் அடியை அவ்வளவாகத் தாங்காது. மலைக்குப் போகிறவர்களுக்கு இது மட்டும் போதாது.

கடையில் பார்க்க வேண்டியவை

1. போனின் மாடல் பெயரைச் சரியாகச் சொல்லுங்கள். செட்டிங்ஸில் 'எபவுட் போன்' என்ற இடத்தில் அது இருக்கும். ஒரு எழுத்து மாறினாலும் கெமரா ஓட்டை மாறிவிடும். போனையே கையோடு கொண்டு போவது நல்லது.

2. உறையைப் போட்டு, போனைக் கண்ணாடி மேசையில் குப்புற வையுங்கள். திரைக்கும் மேசைக்கும் இடையில் ஒரு தாள் தாராளமாக நுழைய வேண்டும். நுழையாவிட்டால் விளிம்பு போதிய உயரம் இல்லை. கெமரா பக்கத்தையும் இப்படியே பாருங்கள்.

3. மூலைகளை அமுக்கிப் பாருங்கள். மற்ற இடத்தைவிட அங்கே தடிப்பாக இருக்க வேண்டும். மூலையை விரலால் இலேசாக இழுத்ததும் கழன்றால், விழும்போதும் கழன்றுவிடும்.

4. பட்டன்களை அமுக்கிப் பாருங்கள். சார்ஜர் வயர் முழுசாக உள்ளே போக வேண்டும். ஒரு அழைப்பு எடுத்துப் பேசிப் பார்த்தால் மைக் ஓட்டை மூடியிருக்கிறதா என்று தெரியும்.

5. ஓரத்தில் வரி வரியாக உள்ளதை எடுங்கள். ஈரக் கைக்கு அதுதான் பிடி.

6. நிறத்தையும் யோசியுங்கள். பச்சையும் கறுப்பும் தேயிலைச் செடிக்கடியில் விழுந்தால் தேடிக் கண்டுபிடிப்பது கஷ்டம். சிவப்பு, மஞ்சள் தூரத்திலேயே தெரியும்.

மழைக்கு இந்த உறை போதாது

இதைத்தான் பலர் தவறாக விளங்கிக்கொள்கிறார்கள். சிலிக்கனுக்குள் தண்ணீர் ஊறாது என்பது உண்மை. ஆனால் திரையும் ஓட்டைகளும் திறந்தே இருக்கின்றன. எந்தச் சாதாரண சிலிக்கன் உறையும் போனை மழையிலிருந்து காப்பாற்றாது. கொழுந்து எடுக்கப் போகும்போது உறையோடு சேர்த்து, வாய் இறுக மூடும் பொலித்தீன் பையில் போட்டுப் படங்குக்கு உள்ளே வைத்துக்கொள்ளுங்கள். பையை முதலில் சோதிக்க வேண்டும். உள்ளே ஒரு காய்ந்த தாளை வைத்து மூடி, அரை மணி நேரம் தண்ணீரில் அமிழ்த்துங்கள். தாள் நனையாவிட்டால்தான் போனை வைக்கலாம்.

போன் நனைந்துவிட்டால் உடனே நிறுத்தி, உறையைக் கழற்றித் துடைத்து, சார்ஜ் ஓட்டை கீழ்நோக்கி இருக்கும்படி காற்றோட்டமான இடத்தில் காய விடுங்கள். காயும் வரை சார்ஜ் போட வேண்டாம். அடுப்புப் பக்கம் வைக்க வேண்டாம். அரிசிக்குள் புதைக்கவும் வேண்டாம். அரிசித் தூள் ஓட்டைக்குள் போய்விடும்.

பராமரிப்பும் பாதுகாப்பும்

கிழமைக்கு ஒரு தரம் உறையைக் கழற்றி, சவர்க்காரம் போட்டுக் கழுவி, நன்றாகக் காய்ந்த பின் மாட்டுங்கள். உள்ளே சிக்கிய மணல் போனைத் தேய்க்கும். மண்ணெண்ணெய், பெற்றோல் போட்டுத் துடைத்தால் சிலிக்கன் ஊதிப் பலம் இழந்துவிடும். உறைக்கும் போனுக்கும் இடையில் நோட்டும் அடையாள அட்டையும் சொருகி வைக்காதீர்கள். உறை தளர்ந்து, சூடும் அடைபடும். சார்ஜ் போடும்போது போன் அதிகம் சுட்டால் உறையைக் கழற்றிவிடுங்கள்.

மருந்து அடிக்கும் சகோதரர்களுக்கு ஒரு விசேஷ வேண்டுகோள். கையில் மருந்தோடு போனைத் தொட்டால் அது உறையில் ஒட்டிக்கொள்ளும். மாலையில் அதே போனைக் குழந்தை வாயில் வைக்கும். சவர்க்காரம் போட்டுக் கை கழுவாமல் போனை எடுக்காதீர்கள்.

தொழிற்சாலையில் வேலை செய்வோர் உறையின் கயிற்றைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மெஷின் பக்கம் போகவே கூடாது. கயிறு சிக்கினால் ஆளையும் சேர்த்து இழுத்துவிடும். போன் போனால் இன்னொன்று வாங்கலாம்.

கடைசியாக ஒன்று. எவ்வளவு நல்ல உறை போட்டாலும் போன் ஒரு நாள் நின்று போகலாம். பிள்ளைகளின் இலக்கங்களையும், அம்புலன்சுக்கான 1990, அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 ஆகிய இலக்கங்களையும் பெரிய எழுத்தில் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டி வையுங்கள். அடுத்த வீட்டுப் போனிலாவது பேசலாம்.

வாங்குவதில் சந்தேகம் இருந்தால், எமது நலன்புரி அலுவலகத்துக்குப் போனைக் கொண்டு வாருங்கள். சேர்ந்து பார்ப்போம்.