சிரட்டையும் சாம்பலும் சேர்ந்த கான்கிரீட்

பத்துக்குப் பத்து அறைக்கு ஐந்து அங்குல கனத்தில் தளம் போட்டால், அந்தத் தளம் மட்டுமே ஏறத்தாழ 2.9 டன் எடை. கட்டிலும் பீரோவும் வந்து சேருமுன்பே தூண்களின் தலையில் இந்தச் சுமை ஏறிவிடுகிறது. மாடிமேல் மாடி அடுக்க அடுக்க, கட்டடம் தன்னைத்தானே சுமப்பதற்கே கம்பியிலும் சிமென்டிலும் பெரும்பங்கு செலவாகிறது. நிலம் நடுங்கினால், எடை கூடிய கட்டடத்துக்கு உலுக்கலும் கூடுதல்.

எடையில் பெரும்பகுதி கருங்கல் ஜல்லியால் வருவது. சாதாரண கான்கிரீட் ஒரு கனமீட்டருக்குச் சுமார் 2,400 கிலோ இருக்கும். ஜல்லிக்குப் பதிலாக, உள்ளே துளைகள் நிறைந்த பொருளைப் போட்டால் 2,000 கிலோவுக்குக் கீழே கொண்டுவரலாம்.

ரோமானியர்களுக்கு இது தெரிந்திருந்தது. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் அவர்கள் எழுப்பிய பாந்தியன் கோயிலின் குவிமாடம் 43 மீட்டர் விட்டம் கொண்டது, கம்பி கிடையாது. கீழே கனமான கல், மேலே போகப்போக இலேசான கல், உச்சியை ஒட்டி எரிமலை நுரைக்கல் என்று தரம் பிரித்துப் போட்டிருக்கிறார்கள். சுண்ணாம்போடு எரிமலைச் சாம்பலையும் கலந்தார்கள். இன்றைய எடை குறைந்த கான்கிரீட்டின் இரண்டு பாதிகளும் அங்கேயே இருக்கின்றன.

எரிமலை இல்லாத ஊரில் என்ன செய்வது? அமெரிக்காவின் கான்சஸ் சிட்டியில் செங்கல் சுட்டுவந்த ஸ்டீபன் ஹெய்ட், சில களிப்பாறைகள் சூளையில் உப்பிப்போவதைக் கவனித்தார். ஆயிரம் டிகிரி செல்சியசுக்கு மேல் சூடேற்றினால் பாறை இளகும். உள்ளிருந்து கிளம்பும் வாயு அதைப் பொரியாக ஊதிவிடும். 1918இல் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. மறு ஆண்டே அத்தகைய ஜல்லியால் ஆன ‘செல்மா’ என்ற எண்ணெய்க் கப்பல் கடலில் இறங்கியது. ஆம், கான்கிரீட் கப்பல்! அதன் சிதைவு இன்றும் டெக்சாசின் கால்வெஸ்டன் விரிகுடாவில் கிடக்கிறது.

நம் பக்கத்தில் ஆய்வாளர்கள் கைவைத்தது கொட்டை ஓடுகளில். மலேசியாவில் எண்ணெய்ப்பனையின் கொட்டை ஓடு, காட்டாங்குளத்தூர் எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழகத்தில் தேங்காய்ச் சிரட்டை. சிரட்டையை உடைத்துச் சிறு சில்லுகளாக்கிப் போடுகிறார்கள். நன்றாக வடிவமைத்த கலவையின் வலிமை 28 நாளில் சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டனைத் தாண்டுகிறது. ஆனால் சிரட்டை சரியான தண்ணீர்க் குடிகாரன்: தன் எடையில் கால்பங்கு வரை உறிஞ்சும், கருங்கல் ஒரு சதவீதம் குடித்தாலே அதிகம். காயவைத்துப் போட்டால் கலவைத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும், கலவை இறுகிப்போகும். அதனால் ஒரு நாள் ஊறவைத்து, மேற்பரப்பு ஈரத்தைப் போக்கிவிட்டே சேர்க்க வேண்டும். ஊறிய தண்ணீர் வீணாவதில்லை. பின்னால் மெல்லக் கசிந்து கான்கிரீட்டை உள்ளிருந்தே பதப்படுத்துகிறது. இன்னொரு தொல்லை, வைப்ரேட்டரை அதிக நேரம் ஓட்டினால் இலேசான சில்லுகள் மேலே மிதந்துவிடும்.

பலவீனம் இன்னோரிடத்திலும் ஒளிந்திருக்கிறது. ஜல்லியைச் சுற்றியுள்ள மெல்லிய சிமென்ட் அடுக்கில் நீர் தேங்கி, இடைவெளிகள் மிகும். விரிசல் பெரும்பாலும் அங்கேதான் கிளம்பும். இங்கேதான் கனிமப் பொடிகள் வருகின்றன. சிமென்ட் தண்ணீரோடு வினைபுரியும்போது சுண்ணாம்பும் உபரியாக உண்டாகிறது. அதனால் வலிமை பெரிதாக ஏறுவதில்லை. அனல்மின் நிலையச் சாம்பலில் உள்ள சிலிக்கா அந்தச் சுண்ணாம்பைப் பிடித்து, சிமென்ட் தருவது போன்ற பசைப்பொருளையே உண்டாக்கி இடைவெளிகளை அடைக்கிறது. சிமென்ட் துகளைவிட நூறு மடங்கு நுண்ணிய சிலிக்கா ஃப்யூம் என்ற பொடி இதையே விரைவாகச் செய்யும். சாம்பல் நிதானமாகத்தான் வேலை செய்யும்.

நெல் உமிச் சாம்பலும் நல்ல சிலிக்காதான், ஆனால் எல்லா உமிச் சாம்பலும் அல்ல. வெப்பம் கட்டுமீறினால் சிலிக்கா படிகமாகிச் செயலிழந்துவிடும். அரிசி ஆலைக் கொதிகலனிலிருந்து அள்ளிவந்ததை அப்படியே கொட்டினால் அது வெறும் நிரப்புதான்.

எடை குறைந்த கான்கிரீட் சுமை ஏறும்போது கூடுதலாக வளையும். கருங்கல் கலவையின் கணக்கை அப்படியே இதற்குப் போடக்கூடாது. தடுப்புச் சுவர், பழைய கட்டடத்தின் மேல் எழுப்பும் மாடி போன்ற இடங்களில்தான் இது உடனடியாகப் பயன்படும். யாராவது இப்படித் தளம் போட்டுத் தருகிறேன் என்று வந்தால், கலவை வடிவமைப்பையும் 28 நாள் கனசதுரச் சோதனை முடிவையும் கேட்டு வாங்குங்கள். சாம்பல் கலந்திருந்தால் 56 நாள் முடிவையும் சேர்த்துக் கேளுங்கள்.