ஆயிரம் டாலர் எங்கே போகிறது?

மேற்குக் கென்யாவில் ஒரு குடும்பத்தின் நிலைமையை அறிய வீட்டுக்குள் போக வேண்டியதில்லை. கூரையைப் பார்த்தால் போதும். விக்டோரியா ஏரியை ஒட்டிய சியாயா மாவட்டத்தில் லுவோ மக்கள் காலங்காலமாக மண்சுவர் எழுப்பி, மேலே புல் வேய்ந்து குடியிருக்கிறார்கள். கொஞ்சம் வசதி வந்ததும் முதலில் மாறுவது அந்தக் கூரைதான். புல் போய்த் தகரம் ஏறிவிடும். இன்னும் புல்கூரையின் கீழ் இருக்கிறார்கள் என்றால், அதை மாற்றும் அளவுக்கு அவர்கள் கையில் ஒருபோதும் மொத்தமாகப் பணம் சேரவில்லை என்று பொருள்.

கிவ்டைரக்ட்லி என்ற தொண்டு நிறுவனம் இந்த அடையாளத்தையே அளவுகோலாக எடுத்துக்கொண்டது. அமெரிக்காவில் பொருளாதாரம் படித்துக்கொண்டிருந்த பால் நீஹவுஸ், மைக்கேல் ஃபே உள்ளிட்ட சில மாணவர்கள் தொடங்கிய அமைப்பு அது. ஏழைகளுக்கு ஆடு, விதை, பயிற்சி என்று கொடுப்பதற்குப் பதில் பணத்தையே கொடுத்தால் என்ன என்பதுதான் அவர்களின் கேள்வி. எதற்குச் செலவழிக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை, திருப்பித் தரவும் வேண்டாம்.

இது நடைமுறைக்கு வர ஒரு கைபேசிச் சேவை உதவியது. 2007-இல் சஃபாரிகாம் நிறுவனம் தொடங்கிய எம்-பெசா, வங்கியே இல்லாத ஊர்களிலும் பணம் அனுப்ப வழி செய்தது. குறுஞ்செய்தி வரும், பக்கத்துக் கடைத்தெருவில் உள்ள முகவரிடம் காட்டி ரொக்கமாக வாங்கிக்கொள்ளலாம். நடுவில் ஊர்ப் பெரியவரோ அதிகாரியோ கைநீட்ட இடமில்லை. ஆனால் இதுவும் முழுப் பாதுகாப்பு அல்ல. காங்கோவில் கிவ்டைரக்ட்லியின் ஊழியர்கள் சிலரே கூட்டுச் சேர்ந்து சுமார் 9 லட்சம் டாலரைச் சுருட்டியதை 2023-இல் நிறுவனமே வெளியிட்டது.

2014 முதல் 2017 வரை சியாயாவில் 653 கிராமங்களில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. புல்கூரை வீட்டில் வாழ்ந்த 10,500-க்கும் மேற்பட்ட குடும்பங்களுக்குக் கிவ்டைரக்ட்லியிடமிருந்து தலா 1,000 டாலர் போய்ச் சேர்ந்தது. கென்ய நாணயத்தில் 87,000 ஷில்லிங். சராசரிக் குடும்பம் ஒன்று ஆண்டு முழுவதும் செய்யும் செலவில் முக்கால் பங்கு அது. எந்தெந்தக் கிராமத்துக்குப் பணம் என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்தார்கள். பணம் வந்த ஊரையும் வராத ஊரையும் ஒப்பிட்டால் விளைவு தெளிவாகத் தெரியும் என்பதற்காக.

அங்குள்ள சராசரிக் குடும்பம் ஒன்றின் ஆண்டு எப்படி ஓடுகிறது என்று பார்த்தால்தான் இந்தத் தொகையின் கனம் புரியும். மார்ச் மாதம் பெருமழை தொடங்கும், மக்காச்சோளம் விதைப்பார்கள். அறுவடைக்கு முந்தைய மாதங்களில் குதிர் காலியாகிவிடும். அப்போதுதான் வேறொருவர் நிலத்துக்குக் கூலிக்குப் போக வேண்டும். தன் வயலில் களையெடுப்பு தள்ளிப்போகும், விளைச்சல் குறையும், அடுத்த ஆண்டும் அதே கதை. பிள்ளையின் பள்ளிக் கட்டணமோ காய்ச்சலுக்கு மருந்தோ குறுக்கே வந்தால் ஆட்டை விற்பார்கள். புல்கூரைக்கும் ஓய்வில்லாச் செலவு உண்டு. ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை புல் மாற்ற வேண்டும். தகரம் பல ஆண்டுகள் உழைக்கும். மொத்தக் கணக்கில் அதுவே மலிவு. ஆனால் தகரத்துக்கு ஒரே நேரத்தில் பெரிய தொகை வேண்டும். அந்தத் தொகை இல்லாததால், ஏழை வீடே கூரைக்கு அதிகம் செலவழித்துக்கொண்டிருக்கிறது.

எனவே பணம் வந்ததும் பலர் கூரைக்கு ஓடியதில் வியப்பில்லை. இதற்கு முன் சியாயாவின் ரரியேடா பகுதியில் யோகனஸ் ஹவுஸ்ஹோஃபரும் ஜெரமி ஷாபிரோவும் 2011 முதல் 2013 வரை நடத்திய ஆய்விலேயே இது தெரிந்தது. பணம் பெறாதவர்களோடு ஒப்பிட்டால், பெற்றவர்களில் ஏறத்தாழக் கால்வாசிப் பேர் கூடுதலாகத் தகரக் கூரைக்கு மாறியிருந்தார்கள். ஆடு மாடு பெருகியது. வாங்கும் திறனுக்கு ஏற்பச் சரிசெய்த டாலர் கணக்கில், குடும்பத்தின் மாதச் செலவு 158-இலிருந்து 193-ஆக உயர்ந்தது. உணவுக்கு, மருந்துக்கு, படிப்புக்கு, சடங்குகளுக்கு என்று எல்லாவற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சம் கூடியது. மதுவுக்கும் புகையிலைக்கும் கூடவில்லை. ஏழையிடம் காசு கொடுத்தால் குடித்து அழித்துவிடுவான் என்று வசதியானவர்கள் அடித்துச் சொல்வது உண்டு. பல நாடுகளின் ஆய்வுகளை உலக வங்கி ஆய்வாளர்கள் தொகுத்துப் பார்த்தபோதும் அதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. அந்தப் பேச்சை இனியாவது விட்டுவிடலாம்.

வீட்டுக்குள்ளும் மாற்றம் வந்தது. பணம் கணவன் கையில் போனாலும் மனைவி கையில் போனாலும், பெண்கள் மீதான அடி உதை குறைந்தது. பாலியல் வன்முறை மட்டும் மனைவி கையில் போனபோதுதான் குறைந்தது.

மொத்தமாகக் கொடுப்பதா, மாதாமாதம் கொடுப்பதா? ரரியேடாவில் இரண்டையும் செய்து பார்த்தார்கள். மாதாமாதம் பெற்றவர்கள் வீட்டில் சாப்பாடு சீரானது. மொத்தமாகப் பெற்றவர்கள் கூரை, கால்நடை என்று நிலைக்கும் பொருள் வாங்கினார்கள். பின்னர் சியாயாவிலும் பொமெட் மாவட்டத்திலும் இன்னும் பெரிய சோதனை தொடங்கியது. நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜியும் அதன் ஆய்வாளர்களில் ஒருவர். ஒரு பிரிவினருக்கு நாளுக்கு 75 சென்ட் கணக்கில் 12 ஆண்டுகளுக்கு. இன்னொரு பிரிவுக்கு அதே தொகை 2 ஆண்டுகளுக்கு மட்டும். மூன்றாம் பிரிவுக்கு மொத்தமாக. மொத்தமாகப் பெற்றவர்கள் கடை கண்ணி வைத்தார்கள். 12 ஆண்டு வரும் என்று உறுதியாகத் தெரிந்தவர்கள் ஊராரோடு சேர்ந்து சுழற்சிச் சேமிப்புக் குழு கட்டினார்கள். நம் ஊர்ச் சீட்டு மாதிரிதான் அது. மாதம் ஒருவர் வீட்டுக்கு மொத்தத் தொகை போகும். சிறுதொகையைப் பெருந்தொகையாக்கும் வழியை அவர்களே கண்டார்கள். 2 ஆண்டுப் பிரிவுதான் தொழில் தொடங்குவதில் பின்தங்கியது. மொத்த உழைப்பு எந்தப் பிரிவிலும் குறையவில்லை. பலர் கூலி வேலையை விட்டுச் சொந்தத் தொழிலுக்கு மாறினார்கள்.

பக்கத்து வீட்டுக்காரர்கள் நிலை என்ன? ரரியேடாவில், பணம் கிடைக்காதவர்களின் மனநிறைவு குறைந்தது. வேலிக்கு அப்பால் தகரம் மின்னும்போது தன் வீட்டுக் கூரை ஒழுகினால் யாருக்குத்தான் வலிக்காது? 653 கிராம ஆய்வு வேறொன்றைக் காட்டியது. தச்சர், தையற்காரர், மளிகைக்காரர், அரவை ஆலைக்காரர் கைக்குப் பணம் சுழன்று போனதில், வெளியிலிருந்து வந்த ஒவ்வொரு டாலரும் உள்ளூர்ப் பொருளாதாரத்தில் ஏறத்தாழ இரண்டரை டாலராகப் பெருகியது. உதவி பெறாத குடும்பங்களின் செலவும் உயர்ந்தது. விலைவாசி ஏறிவிடும் என்ற அச்சம் நிறைவேறவில்லை. ஏற்றம் சராசரியாக 0.1 விழுக்காடுதான்.

ஆனாலும் சும்மா வரும் பணத்தைக் கண்டு மிரண்டவர்கள் உண்டு. அண்டை மாவட்டமான ஹோமா பேயில் கிட்டத்தட்டப் பாதிக் குடும்பங்கள் வேண்டாம் என்றன. சாத்தானை வழிபடும் கூட்டத்தின் காசு இது என்று வதந்தி பரவியிருந்தது. தொண்டு நிறுவனங்கள் வந்து வாக்குக் கொடுத்துக் காணாமல் போவதைக் கண்ட மக்கள், இது மட்டும் எப்படி உண்மையாக இருக்கும் என்று கேட்டது நியாயமே.

இந்தப் பணம் செய்த மிகப் பெரிய காரியம் கூரை அல்ல. 2025-இல் எட்வர்ட் மிகேல் உள்ளிட்ட ஆய்வாளர்கள் அதே சியாயா கிராமங்களில் பிறப்பு இறப்புக் கணக்கை எடுத்து வெளியிட்டார்கள். 1,000 டாலர் பெற்ற வீடுகளில் ஒரு வயதுக்குள் இறக்கும் குழந்தைகளின் விகிதம் 48 விழுக்காடு குறைந்திருந்தது. தடுப்பூசியோ புது மருந்தோ இந்தத் திட்டத்தில் தரவில்லை. பணம் மட்டும்தான்.

காரணங்களைத் தேடியபோது இரண்டு முன்னே வந்தன. ஒன்று, மருத்துவமனையில் பிரசவம் பார்ப்பது கூடியது. மற்றொன்று, பிரசவத்துக்கு முந்தைய மாதங்களிலும் பிள்ளை பெற்ற முதல் மாதங்களிலும் பெண்கள் வேலை செய்யும் நேரம் கிட்டத்தட்டப் பாதியானது. அதாவது, நிறைவயிற்றோடு மண்வெட்டி பிடிக்க வேண்டிய கட்டாயம் நீங்கியது. பச்சிளம் பிள்ளையை விட்டுவிட்டுக் கூலிக்கு ஓட வேண்டியதும் இல்லாமல் போனது. பணத்தால் அந்தத் தாய்க்குக் கிடைத்தது ஓய்வு. தமிழ்நாட்டில் 1987 முதல் நடக்கும் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டமும், கர்ப்ப காலத்தில் இழக்கும் கூலியை ஈடுகட்டும் இதே எண்ணத்தில் பிறந்ததுதான். சியாயாவின் எண்கள் அந்த எண்ணத்துக்குப் பலமான சான்று.

ஆனால் அந்த ஆய்வில் இரண்டு செய்திகளைத் தவறவிடக்கூடாது. பிரசவத்தை ஒட்டிய மாதங்களில் பணம் வந்த வீடுகளில்தான் பலன் பெரிது. மருத்துவர் இருக்கும் மருத்துவமனை அருகில் இருந்த ஊர்களில்தான் பலன் இன்னும் பெரிது. பணம் இருந்து போக இடமில்லை என்றாலும், இடம் இருந்து பணம் இல்லை என்றாலும் குழந்தை தப்புவது கடினம். ஆகவே இத்தகைய திட்டம் வகுப்பவர்கள் எவ்வளவு கொடுப்பது என்று வாதாடும் நேரத்தில் பாதியையாவது எந்த மாதம் கொடுப்பது என்பதற்குச் செலவிட வேண்டும். கர்ப்பத்தைப் பதிவு செய்ததும் முதல் தவணை கிளம்பி, வயல்வேலை கனக்கும் பருவத்துக்கு முன் தாயின் கைபேசிக்கு வந்து சேர்வதற்குப் பெரிய தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லை. எம்-பெசா அதை 2007 முதலே செய்யக்கூடியதாக இருக்கிறது. மருத்துவரை அந்த ஊருக்கு அனுப்புவதுதான் அதைவிடக் கடினமான வேலை. அது அரசின் பொறுப்பு.