ரீவிக்குள் ஒளிந்திருக்கும் தாமதம்

ரீவியில் கேம் விளையாடும் பெடியள் "லாக் அடிக்குது" என்றால் வீட்டில் முதலில் பழி சுமப்பது இன்ரநெற்தான். ஆனால் சோதித்துப் பார்ப்பது சுலபம். இன்ரநெற்றைத் துண்டித்துவிட்டு, தனியாக ஆடும் கேம் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். அப்போதும் பட்டனை அழுத்திச் சற்றுப் பிந்தியே ஆள் பாய்கிறான் என்றால், ரீவியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இன்ரநெற் தாமதத்தின் கணக்கு வேறு. சேர்வர் சிங்கப்பூரில் இருந்தால் கொழும்பிலிருந்து ஏறக்குறைய 2,700 கிலோமீற்றர். கண்ணாடி இழையில் ஒளி செக்கனுக்கு ஏறக்குறைய 200,000 கிலோமீற்றர் ஓடும். போய்வரவே 27 மில்லி செக்கன், அதுவும் கேபிள் நேர்கோட்டில் கிடந்தால். அதை எந்த ரிமோட்டாலும் குறைக்க முடியாது. ரீவிக்குள் உள்ள தாமதத்தைப் பெருமளவு குறைக்கலாம், அதுவும் சதம் செலவில்லாமல்.

பழைய பெட்டி ரீவி, வந்த சிக்னலை வந்தபடியே கோடு கோடாகத் திரையில் வரைந்தது. 1984இல் வந்த 'டக் ஹன்ட்' கேமின் துவக்கு அந்த நேரக்கணக்கை நம்பியே வேலை செய்தது. அதனால்தான் தட்டை ரீவியில் அது வாத்தைச் சுடுவதில்லை. தட்டை ரீவி ஒவ்வொரு படத்தையும் வாங்கி வைத்து, பெரிதாக்கி, மெருகேற்றி, பிறகே காட்டுகிறது. அசைவை வழுக்கலாகக் காட்டும் வசதிதான் இதில் மோசம். இரண்டு படங்களுக்கு இடையில் புதிதாக ஒன்றைச் செருக வேண்டுமானால் அடுத்த படம் வரும்வரை காத்திருக்கத்தானே வேண்டும்! செக்கனுக்கு 60 படம் என்றால் ஒரு படத்துக்கு 16.7 மில்லி செக்கன். இப்படிச் சேர்ந்து சில ரீவிகளில் தாமதம் 100 மில்லி செக்கனையும் எட்டும். படத்துக்கான செட்டிங்கில் 'கேம் மோட்' போட்டால் இந்த மெருகு வேலைகளில் பெரும்பாலானவை நின்றுவிடும். சில ரீவிகளில் கேம் பெட்டி செருகியுள்ள எச்டிஎம்ஐ துளைக்கென்று அதைத் தனியாகப் போட வேண்டும்.

சத்தம் பிந்தினால் பலரும் ரீவியின் 'லிப் சிங்க்' செட்டிங்கைத் தேடுவார்கள். சினிமாவுக்கு அது பொருந்தும், கேமுக்குப் பொருந்தாது. சினிமாவில் அடுத்த காட்சி ஏற்கெனவே பதிவாகி இருக்கிறது. சத்தம் பிந்தினால் படத்தையும் அதே அளவு பிந்த வைத்துவிடலாம், பார்ப்பவருக்குத் தெரியாது. புளூருத் இயர்போனில் யூரியூப் ஒழுங்காக இருந்தும் பப்ஜியில் வெடிச்சத்தம் பிந்திக் கேட்பது இதனால்தான். கேமில் அடுத்த காட்சி ஆடுபவரின் விரலில் இருக்கிறது. படத்தைப் பிந்த வைத்தால் சத்தம் பொருந்தும், கை தோற்கும். எனவே பிந்துகிற சத்தத்தைத்தான் விரைவாக்க வேண்டும். புளூருத்தில் 200 மில்லி செக்கன்கூடப் போய்விடும். வயர் உள்ள ஹெட்போனைக் கேம் கொன்ட்ரோலரில் குத்துங்கள். சவுண்ட்பார் என்றால் ஒலி வெளியீட்டை 'பிசிஎம்' ஆக்கிப் பாருங்கள்.

இவ்வளவு சின்னத் தாமதம் மனிதருக்கு உறைக்குமா என்று கேட்கலாம். சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் 1998ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி, சத்தம் படத்தை 45 மில்லி செக்கன் முந்தினாலே ஆட்கள் கண்டுபிடிக்கிறார்கள். பிந்தினால் 125 வரை கண்டுபிடிப்பதில்லை. வயலுக்கு அப்பால் விறகு கொத்துபவரின் கோடரிச் சத்தம் பிந்திக் கேட்டுப் பழகியவர்களுக்கு இது ஆச்சரியமில்லை. ஆனால் அது பார்ப்பவரின் கணக்கு, ஆடுபவருடையது அல்ல. மனிதரின் எதிர்வினைக்கே 200 மில்லி செக்கன் போகும்போது ரீவியின் 100 ஒன்றும் பெரிதல்ல என்ற வாதமும் நிற்காது. இந்த 100 அந்த 200க்குள் அடங்குவதில்லை, மேலே ஏறுகிறது. எதிராளியின் ரீவியில் 20தான் என்றால் அவர் ஏறக்குறைய ஐந்து படம் முன்னால் நிற்கிறார்.

கேம் மோட்டில் படம் சோர்ந்து தெரிகிறது என்ற குறை நியாயமானது. நிறத்தையும் வெளிச்சத்தையும் அதற்குள்ளேயே கூட்டலாம். நாடகம் பார்க்கும்போது பழைய மோட்டுக்கு மாறுங்கள். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு ஏறிய விலையில் புது ரீவிக்குத் தவணை கட்டுமுன் ஒரு காரியம் செய்யலாம். செக்கனுக்கு 240 படம் எடுக்கும் ஸ்லோ மோஷனில், விரலும் திரையும் ஒன்றாகத் தெரியும்படி கைபேசியால் வீடியோ எடுங்கள். பட்டன் அமிழ்ந்ததிலிருந்து திரை அசையும்வரை படங்களை எண்ணுங்கள். 24 படம் என்றால் 100 மில்லி செக்கன். கேம் மோட் போட்டு மறுபடி எண்ணுங்கள். எவ்வளவு குறைந்ததோ அது ரீவியின் பங்கு. மிச்சத்தில் பெரும்பகுதி கேமுடையதும் கொன்ட்ரோலருடையதும். புது ரீவி வாங்கினாலும் அது போகாது.