விளையாட்டில் சேர்த்த பொருளை விற்கலாமா? ஆன்லைன் கேம் வணிகமும் மார்க்க வரம்புகளும்

நம் பிள்ளைகள் கைப்பேசியிலும் கணினியிலும் விளையாடும் கேம்களுக்குள் வாள், கேடயம், உடை, வண்டி, தங்கக்காசு என்று பலவற்றைச் சேர்த்து வைக்கிறார்கள். சில பொருட்களைப் பல மாதம் விளையாடிப் பெறுகிறார்கள். சிலவற்றைப் பெற்றோரின் யுபிஐ கணக்கிலிருந்து பணம் கட்டி வாங்குகிறார்கள். சேர்த்த பிறகு அடுத்த கேள்வி வருகிறது. இதை நண்பனுக்குக் கொடுக்கலாமா? வேறு பொருளுக்கு மாற்றிக்கொள்ளலாமா? யாராவது ரூபாய் கொடுத்தால் விற்கலாமா? அந்த வருமானம் ஹலாலா?

"விளையாட்டுதானே" என்று இதை ஒதுக்கிவிட முடியாது. உண்மையான பணம் கை மாறும் இடத்தில் மார்க்கத்தின் வணிகச் சட்டமும் வந்துவிடுகிறது. விளையாடுபவர்கள் தங்களுக்குள் பொருட்களைத் தடையின்றி விற்று வாங்க விட வேண்டுமா என்ற விவாதம் கேம் உலகில் இருபது ஆண்டுகளாக நடக்கிறது. அந்த அனுபவத்தை முதலில் பார்த்துவிட்டு, இஸ்லாமிய வணிக வரம்புகளோடு அதைப் பொருத்திப் பார்ப்போம்.

ரூன்ஸ்கேப்பில் நடந்தது

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஜாஜெக்ஸ் நிறுவனம் 2001இல் தொடங்கிய ஆன்லைன் விளையாட்டு ரூன்ஸ்கேப். அதில் மீன் பிடிக்கலாம், மரம் வெட்டலாம், சுரங்கம் தோண்டலாம். கிடைப்பதை மற்றவர்களுக்கு விற்கலாம். பல ஆண்டுகள் இந்த வணிகத்துக்குத் தடையே இல்லை.

இதை வைத்து வெளியே ஒரு தொழில் வளர்ந்தது. சிலர் இரவு பகலாக விளையாடியும், தானாக இயங்கும் மென்பொருளை ஓட்டியும் தங்கக்காசு சேர்த்து, அதை டாலருக்கு விற்றார்கள். அதற்கான கணக்குகளைத் திருடப்பட்ட கிரெடிட் கார்டுகளைக் கொண்டு தொடங்கினார்கள். கார்டின் உண்மையான சொந்தக்காரர் வங்கியில் புகார் செய்ததும் வங்கி நிறுவனத்திடமிருந்து பணத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டது. நஷ்டம் தாங்காத ஜாஜெக்ஸ், 2008 ஜனவரியில் கடுமையான கட்டுப்பாடு விதித்தது. இருவர் பொருள் மாற்றும்போது இரு பக்கத்து மதிப்பிலும் சுமார் 3000 காசுக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது என்று ஆரம்பத்தில் வரம்பு வைத்தது.

தங்கம் விற்பவர்கள் முடங்கினார்கள். ஆனால் நேர்மையாக விளையாடியவர்களும் சேர்ந்து பாதிக்கப்பட்டார்கள். அண்ணன் தம்பிக்கு ஒரு நல்ல வாளை அன்பளிப்பாகக் கொடுக்க முடியவில்லை. தேர்ந்த ஒருவர் புதியவருக்கு உதவ முடியவில்லை. விற்பவரும் வாங்குபவரும் பேசி முடிவு செய்யும் விலையும் போய், நிறுவனம் வகுத்த எல்லைக்குள் மட்டுமே விலை நகர்ந்தது. மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு நிறுவனமே வாக்கெடுப்பு நடத்தியது. 12 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் பதிவாகி, 91 சதவீதம் பேர் தடையற்ற வணிகம் மீண்டும் வேண்டும் என்றார்கள். 2011 பிப்ரவரி 1 அன்று அது திரும்ப வந்தது.

எதிர் அனுபவமும் உண்டு. பிளிசார்ட் நிறுவனம் 2012இல் டயாப்லோ 3 விளையாட்டுக்குள் உண்மையான பணத்துக்குப் பொருள் விற்கும் ஏலக் கூடத்தைத் தானே திறந்தது. விளையாடிப் பெற வேண்டியதைக் காசு கொடுத்துப் பெறலாம் என்றானதும் விளையாட்டின் நோக்கமே கெட்டது. 2014 மார்ச் 18 அன்று நிறுவனம் அந்தக் கூடத்தை மூடிவிட்டது.

முழுத் தடையால் நல்லவர்களும் பாதிக்கப்படுகிறார்கள், முழுச் சுதந்திரம் மோசடிக்காரர்களுக்கு வழி திறக்கிறது என்பதை இவ்விரண்டும் காட்டுகின்றன.

அது ஒரு சொத்தா?

திரையில் மட்டும் தெரியும் ஒன்றை மார்க்கம் 'மால்', அதாவது செல்வம் என்று ஏற்குமா? இதுவே முதல் கேள்வி.

முற்கால ஹனஃபி அறிஞர்கள் பலர், கையகப்படுத்திச் சேமித்து வைக்கக்கூடிய பொருளையே மால் என்றார்கள். ஷாஃபி உள்ளிட்ட மற்ற மத்ஹபுகளின் அறிஞர்கள், ஒரு பொருளிலிருந்து கிடைக்கும் அனுமதிக்கப்பட்ட பயனும் மால்தான் என்றார்கள். நம் காலத்தில் சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 1988இல் குவைத்தில் கூடியபோது, வணிகப் பெயர், காப்புரிமை, எழுத்துரிமை போன்ற கண்ணுக்குத் தெரியாத உரிமைகளும் மதிப்புள்ள சொத்துகளே, அவற்றை அத்துமீறிப் பறிக்கக் கூடாது என்று முடிவு செய்தது. மென்பொருளை விற்பதும் வாங்குவதும் இன்று முஸ்லிம்களிடையே சாதாரணமாக நடக்கிறது. எனவே, திரையில் மட்டும் இருக்கிறது என்ற காரணத்துக்காகவே ஒரு பொருளை மதிப்பற்றது என்று சொல்லிவிட முடியாது.

உலக நீதிமன்றங்களும் இதே கேள்வியைச் சந்தித்தன. 2007இல் நெதர்லாந்தில் இரண்டு சிறுவர்கள், 13 வயதுப் பையன் ஒருவனை அடித்து, கத்தியைக் காட்டி மிரட்டி, அவனுடைய ரூன்ஸ்கேப் தாயத்தையும் முகமூடியையும் தங்கள் கணக்குக்கு மாற்றச் செய்தார்கள். இல்லாத பொருளை எப்படித் திருட முடியும் என்று அவர்கள் தரப்பில் வாதிட்டார்கள். அந்தப் பையன் செலவிட்ட நேரமும் உழைப்பும் பொருளுக்கு மதிப்பைத் தந்துள்ளன, அது அவன் கட்டுப்பாட்டில் இருந்தது, ஆகவே இது திருட்டே என்று 2012 ஜனவரியில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

விளையாட்டில் ஒருவரை ஏமாற்றிப் பொருளைப் பறிப்பதைப் பிள்ளைகள் சாமர்த்தியம் என்று நினைக்கிறார்கள். கிடைத்தது திரையில் இருந்தாலும், பறித்தது இன்னொருவரின் உழைப்பு. ஒருவர் செல்வத்தை மற்றவர் தவறான முறையில் உண்ணக் கூடாது, மனமொப்பிய வணிகமாக இருக்க வேண்டும் என்ற இறைக்கட்டளை (4:29) இங்கும் பொருந்தும்.

அது யாருக்குச் சொந்தம்?

மதிப்புள்ளதாக இருப்பது மட்டும் போதாது. விற்பவருக்கு அதில் உரிமை இருக்க வேண்டும். தன்னிடம் இல்லாததை விற்கக் கூடாது என்று நபி (ஸல்) அவர்கள் ஹகீம் பின் ஹிஸாம் (ரலி) அவர்களுக்குச் சொன்ன செய்தி அபூதாவூத், திர்மிதி முதலான நூல்களில் உள்ளது.

பெரும்பாலான கேம்களில் கணக்கு தொடங்கும்போது நாம் படிக்காமல் 'ஏற்கிறேன்' என்று அழுத்தும் நிபந்தனைகளில், பொருட்கள் நிறுவனத்துக்கே சொந்தம், பயனருக்குப் பயன்படுத்தும் அனுமதி மட்டுமே உண்டு என்று எழுதியிருக்கிறது. கணக்கை வேறொருவருக்கு விற்கக் கூடாது என்றும் பலவற்றில் இருக்கிறது. இதை வாடகை வீட்டோடு ஒப்பிடலாம். குடியிருக்கும் உரிமை நமக்கு உண்டு. வீட்டை விற்கும் உரிமை இல்லை. வேறொருவரைக் குடிவைக்கலாமா என்பது ஒப்பந்தத்தைப் பொறுத்தது.

ஒப்பந்தங்களை நிறைவேற்றுங்கள் என்பது குர்ஆனின் கட்டளை (5:1). ஹலாலை ஹராமாக்கும், அல்லது ஹராமை ஹலாலாக்கும் நிபந்தனை தவிர மற்ற நிபந்தனைகளுக்கு முஸ்லிம்கள் கட்டுப்பட்டவர்கள் என்ற கருத்தில் திர்மிதியில் ஹதீஸ் உள்ளது. ஆகவே நிறுவனம் அனுமதிக்கும் மாற்றத்தைச் செய்யலாம். தடுத்திருப்பதை டெலிகிராம் குழுவில் மறைவாக விற்பது சொன்ன சொல்லை மீறுவதாகும்.

கேம் ஐடி விற்பனையில் இன்னொரு ஆபத்தும் உண்டு. ஐடியை விற்றவர், பழைய மின்னஞ்சல் அல்லது தொலைபேசி எண் மூலம் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியும். நிறுவனம் கண்டுபிடித்தால் ஐடியை முடக்கிவிடும். வாங்கியவருக்குப் பொருள் கிடைக்குமா, நிலைக்குமா என்று தெரியாது. நபி (ஸல்) அவர்கள் தடுத்த 'கரர்', அதாவது நிச்சயமின்மை நிறைந்த வியாபாரத்தின் தன்மை இதில் தெளிவாக இருக்கிறது.

சந்தையைக் கட்டுப்படுத்துவது அநியாயமா?

ஒரு நிறுவனம் விளையாடுபவர்களின் வணிகத்தைத் தடுப்பது நியாயமா? நம் மார்க்கத்தில் இதற்கு அழகான முன்னுதாரணம் இருக்கிறது.

மதீனாவில் விலைவாசி உயர்ந்தபோது, விலையை நிர்ணயித்துத் தருமாறு மக்கள் நபி (ஸல்) அவர்களிடம் கேட்டார்கள். நபியவர்கள் அதை ஏற்கவில்லை. விலையை ஏற்றி இறக்குபவன் அல்லாஹ்வே, யாருடைய செல்வத்திலும் அநீதி செய்தவனாக நான் அவனைச் சந்திக்க விரும்பவில்லை என்ற கருத்தில் பதில் சொன்னார்கள். அபூதாவூதிலும் திர்மிதியிலும் இச்செய்தி இடம்பெறுகிறது.

அதே நபியவர்கள்தாம் சந்தையில் பல தடைகளையும் விதித்தார்கள். வணிகக் கூட்டம் ஊருக்குள் வருமுன் வழியிலேயே மடக்கி, சந்தை விலை தெரியாதவர்களிடம் வாங்குவதைத் தடுத்தார்கள். வாங்கும் எண்ணமின்றி விலையை ஏற்றிக் கேட்பதைத் தடுத்தார்கள். தானியக் குவியலுக்குள் கைவிட்டுப் பார்த்து, ஈரத்தை மறைத்து விற்றவரைக் கண்டித்தார்கள். வணிகர்கள் சரக்கை முடக்கி மக்களை வாட்டும்போது ஆட்சியாளர் விலையில் தலையிடலாம் என்று இமாம் இப்னு தைமிய்யா பிற்காலத்தில் விளக்கினார்கள்.

இதிலிருந்து கிடைக்கும் அளவுகோல் தெளிவானது. வணிகத்தின் அடிப்படை சுதந்திரம். தடை வருவது மோசடிக்கும் அநீதிக்கும் எதிராக. கேம்களுக்கும் இதுவே பொருத்தம் என்று நாம் கருதுகிறோம். நேரடிப் பரிமாற்றமும் அன்பளிப்பும் திறந்திருக்க வேண்டும். திருட்டுப் பணமும் சூதும் நுழையும் வாசல்களை மட்டும் அடைக்க வேண்டும். வால்வ் நிறுவனம் 2019 அக்டோபரில் கவுன்டர் ஸ்ட்ரைக் பெட்டிகளின் புதிய சாவிகளைப் பயனர்கள் மறுவிற்பனை செய்வதை நிறுத்தியது இப்படிப்பட்ட நடவடிக்கைதான். சந்தையில் கை மாறிய சாவிகளில் பெரும்பகுதி மோசடிப் பணத்தில் வாங்கப்பட்டவை என்று அது காரணம் சொன்னது.

சூது எங்கே நுழைகிறது?

இந்த இடத்தில்தான் பெற்றோர் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். பல கேம்களில் காசு கட்டி ஒரு பெட்டியைத் திறக்க வேண்டும். உள்ளே என்ன இருக்கும் என்று தெரியாது. பெரும்பாலும் மலிவான பொருள் வரும். எப்போதாவது ஒன்று ஆயிரக்கணக்கான ரூபாய் மதிப்புள்ளதாக வரும். கொடுப்பது நிச்சயம், கிடைப்பது அதிர்ஷ்டம் என்றால் அது குர்ஆன் 5:90, 91 வசனங்கள் தடுத்துள்ள மைஸிர், அதாவது சூதின் வடிவமே.

பெட்டியில் வந்ததை விற்கவும் முடியும் என்றால் ஆபத்து கூடுகிறது. 2018இல் நெதர்லாந்தின் சூதாட்ட ஆணையம் 10 கேம்களை ஆராய்ந்து, 4இல் சட்டமீறல் இருப்பதாகச் சொன்னது. கிடைத்த பொருளை மற்றவருக்கு மாற்ற முடிவதையே அது அளவுகோலாக வைத்தது. அந்நாட்டின் உயர் நிர்வாக நீதிமன்றம் 2022இல் ஒரு நிறுவனத்தின் மீதான அபராதத்தை வேறு சட்டக் காரணத்தால் ரத்து செய்தது. பெல்ஜியமோ இவற்றைச் சூதாட்டம் என்றே அறிவித்தது. நாட்டுச் சட்டங்கள் மாறலாம். நமக்கோ பொருளை விற்க முடிந்தாலும் முடியாவிட்டாலும், காசு கட்டி அதிர்ஷ்டம் பார்ப்பது விலக வேண்டியதே.

பொருட்களைப் பந்தயம் வைத்து ஆடுவதும் இதே வகை. ரூன்ஸ்கேப்பின் பழைய பதிப்பில் இருவர் பொருட்களைப் பணயமாக வைத்து மோதி, வென்றவர் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளும் களம் இருந்தது. 2022இல் நிறுவனமே பணயம் வைப்பதை நீக்கிவிட்டது. இந்தியாவிலும் 2025 ஆகஸ்டில் நிறைவேறிய ஆன்லைன் கேமிங் சட்டம் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்கிறது. பணத்துக்கு ஈடாகும் காயின், டோக்கன் போன்றவற்றைப் பணயம் வைப்பதும் அதன் வரையறைக்குள் வருகிறது.

பிள்ளையின் வியாபாரம் செல்லுமா?

பலரும் கவனிக்காத விஷயம் இது. கேம் பொருட்களை விற்று வாங்குபவர்களில் பலர் பருவமடையாத பிள்ளைகள். ஷாஃபி மத்ஹபில் சிறுவர் செய்யும் வணிக ஒப்பந்தம் செல்லாது. ஹனஃபி மத்ஹபில் விவரம் தெரிந்த சிறுவர் பொறுப்பாளரின் அனுமதியோடு செய்தால் செல்லும். அனாதைகளிடம் பக்குவத்தைக் கண்ட பிறகே அவர்களின் செல்வத்தை ஒப்படைக்கச் சொல்லும் வசனமும் (4:6) இந்தப் பொறுப்பை நினைவூட்டுகிறது. நம் ஊர்களில் எந்த மத்ஹபைப் பின்பற்றினாலும், பெற்றோருக்குத் தெரியாமல் பிள்ளை செய்யும் விற்பனைக்கு மார்க்கத்தில் பலமான அடிப்படை இல்லை.

வீட்டில் கேட்க வேண்டிய கேள்விகள்

பிள்ளை ஒரு பொருளை வாங்கவோ விற்கவோ கேட்டால், அதட்டி அனுப்பாமல் உட்கார வைத்து இவற்றைக் கேட்கலாம்:

1. அந்த விளையாட்டும் பொருளும் ஆபாசம், சூது, ஷிர்க் போன்றவை கலக்காதவையா?
2. இந்த மாற்றத்தை நிறுவனத்தின் விதிகள் அனுமதிக்கின்றனவா?
3. எது கைக்கு வரும், என்ன விலை என்பது இருவருக்கும் முன்பே தெளிவாகத் தெரியுமா?
4. அதிர்ஷ்டப் பெட்டியோ பந்தயமோ இதில் இருக்கிறதா?
5. கடனாகக் கொடுத்து, திரும்பும்போது கூடுதலாக வாங்கும் பேச்சு இருக்கிறதா? அது வட்டியின் வாசல்.
6. தொழுகை, படிப்பு, தூக்கம் மூன்றில் எதையாவது இது விழுங்குகிறதா?

இவற்றுக்கெல்லாம் சரியான பதில் இருந்தால், விளையாட்டுக்குள் நண்பர்கள் பொருள் மாற்றிக்கொள்வதையும் அன்பளிப்பாகக் கொடுப்பதையும் தடுக்கக் காரணம் இல்லை. விளையாட்டுக்குள் சேர்த்த காசை ரூபாய்க்கு விற்பது குறித்து இன்றைய ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனவே அதில் இறங்கும் முன், குறிப்பிட்ட விளையாட்டின் விவரத்தை முழுமையாக எடுத்துச் சொல்லி ஊர் ஆலிமிடம் கேட்பது நல்லது. விவரம் சொல்லாமல் "கேம் விற்கலாமா" என்று மட்டும் கேட்டால் சரியான பதில் கிடைக்காது.

அளவு நிறுவையில் நேர்மை, கொடுத்த வாக்கைக் காப்பது, சூதிலிருந்து விலகுவது ஆகியவற்றைக் கடைத்தெருவில் கற்ற தலைமுறை நாம். நம் பிள்ளைகளின் முதல் கடைத்தெரு கைப்பேசிக்குள் இருக்கிறது. அங்கே ஹலால் ஹராம் பேணப் பழகியவர், நாளை தன் கடையிலும் அலுவலகத்திலும் பேணுவது எளிதாகும், இன்ஷா அல்லாஹ். அல்லாஹ் நன்கறிந்தவன்.