‘தொடரும்’ – 9: ஏழாம் பக்கத்தில் அகப்பட்ட கொலைகாரன்

லண்டனுக்கு அருகே ஒரு கிராமத்துச் சத்திரம். மார்ச் மாதத்து ராத்திரி, வெளியே காற்றும் மழையும். கணப்பைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்களில் ஒருவர், சாலமன் டெய்ஸி என்ற மணியடிக்கிறவர், இருபத்திரண்டு வருஷத்துப் பழைய கொலை ஒன்றைச் சொல்கிறார். பெரிய வீட்டு எஜமான் ரூபன் ஹேர்டேல் படுக்கையறையில் வெட்டுண்டு கிடந்தார். காரியஸ்தர் ரட்ஜையும் தோட்டக்காரனையும் காணவில்லை. பல மாதம் கழித்துக் குளத்தில் ஒரு பிணம் கிடைத்தது. முகம் தெரியவில்லை. உடுப்பையும் கடிகாரத்தையும் மோதிரத்தையும் பார்த்து அது ரட்ஜ்தான் என்றார்கள். பழி தோட்டக்காரன் மேல் விழுந்தது.

1841 பிப்ரவரியில் சார்லஸ் டிக்கன்ஸ் தன் வாரப் பத்திரிகையில் ‘பார்னபி ரட்ஜ்’ தொடரை இப்படித்தான் ஆரம்பித்தார். கதை நவம்பர் வரை ஓடியது. ஆனால் மே முதல் தேதியே, கடலுக்கு அந்தப் பக்கம் பிலடெல்பியாவில், 32 வயது எட்கர் ஆலன் போ ‘சாட்டர்டே ஈவ்னிங் போஸ்ட்’ இதழில் முடிச்சை அவிழ்த்து வைத்துவிட்டார். ரட்ஜ் சாகவில்லை, அவன்தான் கொலைகாரன். தோட்டக்காரனைக் கொன்று, தன் உடுப்பையும் மோதிரத்தையும் பிணத்துக்கு மாட்டிவிட்டுப் போனான். கதாநாயகன் பார்னபி அவன் பெற்ற பிள்ளை.

எப்படிப் பிடித்தார்? குளத்தில் கிடைத்தது ரட்ஜின் பிணம் என்று டிக்கன்ஸ் தன் வாயால் எங்கும் சொல்லவில்லை. ஒரு பாத்திரத்தைச் சொல்ல வைத்திருக்கிறார். அந்த ஒரு மயிரிழை ஆலன் போவுக்குப் போதுமானதாக இருந்தது. இவ்வளவு கூர்மையாகத் தொடர்கதை வாசித்தவர் வேறு யாராவது உண்டா என்று எனக்கு இன்றைக்கும் வியப்புதான்.

கதை முடிந்தது. அவர் சொன்னதே பெரும்பாலும் நடந்திருந்தது. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது அதற்குப் பிறகு நடந்ததுதான்.

1842 பிப்ரவரியில் ‘கிரஹாம்ஸ் மேகஸின்’ இதழில் முழுப் புத்தகத்துக்கும் விமர்சனம் எழுதினார். புத்தகத்தின் ஏழாம் பக்கத்திலேயே ரகசியம் தனக்குப் புரிந்துவிட்டது என்று அதில் சொல்கிறார். தோட்டக்காரன் முதலில் செத்தான் என்பது அவர் கணிப்பு. டிக்கன்ஸ் எஜமானை முதலில் சாகடித்திருந்தார். ரட்ஜ் தன் மனைவியின் மணிக்கட்டைப் பற்றினான் என்பது அவர் கணிப்பு. கதையில் அவள்தான் அவனைப் பற்றுகிறாள். இந்த இரண்டாவது இடத்தில் தவறியது டிக்கன்ஸ் என்றே ஆலன் போ எழுதினார்! தன் ஊகத்தைப் பிசகு என்று ஒப்ப அவருக்கு மனம் வரவில்லை.

கணிப்பு பொய்த்தவன் பிழைத்துக்கொள்வான். அடுத்த வாரம் ஏமாந்த சந்தோஷத்தோடு கதைக்குள் திரும்ப வந்துவிடுவான். பலித்தவன் பாடுதான் கஷ்டம். அவன் மனத்தில் இன்னொரு கதை எழுதி முடிந்துவிடுகிறது, அப்புறம் ஆசிரியர் வைக்கும் ஒவ்வொரு அடியும் அவனுக்கு வழிதவறலாகவே தெரிகிறது. 1780இல் லண்டன் பற்றியெரிந்த கார்டன் கலவரத்தை ஆலன் போ பின்னால் ஒட்டவைத்த சமாச்சாரமாகப் பார்த்தார். கதை 1775இல் தொடங்கி, ஐந்து வருஷத்தைத் தாண்டி நேரே அந்தக் கலவரத்துக்குப் போகிறது. சிறைக் கதவுகள் உடைகின்றன, வீதிகள் எரிகின்றன, அந்தக் கூட்டத்தில் ஒன்றும் புரியாமல் கொடி பிடித்து நிற்கிறான் பார்னபி. டிக்கன்ஸின் கை அங்கேதான் முழு வேகத்தில் ஓடுகிறது. கொலைகாரனை எதிர்பார்த்துக் காத்திருந்த கண்ணில் அந்த நெருப்பு சரியாகப் படவில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

பார்னபி எங்கே போனாலும் கிரிப் என்ற பேசும் அண்டங்காக்கை கூடவே போகும். டிக்கன்ஸ் வீட்டில் அதே பெயரில் வளர்ந்த பறவையைப் பார்த்து எழுதியது. அதன் கரைதல் கதை நெடுக ஒரு தீர்க்கதரிசனம் போல ஒலித்திருக்க வேண்டும் என்றும் அந்த விமர்சனத்தில் குறைபட்டிருந்தார் ஆலன் போ. மூன்று வருஷம் கழித்து, 1845இல், அவருடைய ‘தி ரேவன்’ கவிதை வெளிவந்தது. அதில் அண்டங்காக்கை அவர் விரும்பியபடியே பேசுகிறது.

நிஜமான கிரிப் 1841 மார்ச்சில், தொடர் ஓடிக்கொண்டிருக்கும்போதே செத்துப்போனது. டிக்கன்ஸ் அதைப் பாடம் செய்து வைத்துக்கொண்டார். இப்போது அது கண்ணாடிப் பெட்டிக்குள், ஆலன் போ கணிப்பு எழுதிய அதே பிலடெல்பியாவின் பொது நூலகத்தில் நிற்கிறது.

(தொடரும்)