சி.ஆர்.பி. கூடுதலாக வந்தால் என்ன செய்ய வேண்டும்?

முழு உடல் பரிசோதனை செய்துகொள்பவர்களின் ரிப்போர்ட்டில் இப்போதெல்லாம் 'ஹெச்.எஸ்.சி.ஆர்.பி.' என்றொரு வரியும் இடம்பெறுகிறது. எதிரே 4.2 என்றோ 6 என்றோ தடித்த எழுத்தில் ஓர் எண், பக்கத்திலேயே 'இதய நோய் ஆபத்து அதிகம்' என்ற குறிப்பு. பார்த்ததுமே வயிற்றைக் கலக்குகிறது. பயப்படுவதற்கு முன் அந்த எண்ணைப் படிக்கக் கற்றுக்கொள்வது நல்லது.

சி.ஆர்.பி. என்பது கல்லீரல் சுரக்கும் ஒரு புரதம். 1930-இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் ஆய்வு நிலையத்தில் டில்லெட், ஃபிரான்சிஸ் என்ற இருவர் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் இதைக் கண்டறிந்தார்கள். உடம்பில் எங்கே அழற்சி இருந்தாலும் இது ஏறும்: ஈறில் சீழ், மூட்டு வாதம், சளிக் காய்ச்சல், எதுவாகவும் இருக்கலாம். கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு இந்தப் பெயர் அடிபட்டது அதனால்தான். அழற்சி இருக்கிறது என்று சொல்லுமே தவிர, எந்த இடத்தில் என்று இதற்குச் சொல்லத் தெரியாது.

இதயத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு? ரத்தக்குழாயின் உட்சுவரில் கொலஸ்ட்ரால் படியும்போது வெள்ளணுக்கள் அங்கே திரண்டு அழற்சி உண்டாகிறது. படிவின் மேல்மூடி மெலிந்து ஒருநாள் கிழிகிறது. அதன்மேல் ரத்தம் உறைந்து குழாயை அடைக்கிறது. மாரடைப்புகளில் பெரும்பாலானவை இப்படித்தான் நேர்கின்றன. இந்த அழற்சியால் சி.ஆர்.பி. சிறிதளவுதான் ஏறும்; அந்த மிகக் குறைந்த அளவையும் கணிக்கும் நுண்பரிசோதனைதான் ஹெச்.எஸ்.சி.ஆர்.பி. பாஸ்டனைச் சேர்ந்த மருத்துவர் பால் ரிட்கர் குழுவினர், நலமாக இருக்கும் ஆண்களிடமும் இந்த அளவு கூடியிருந்தால் பிற்காலத்தில் மாரடைப்பு அதிகம் வருவதை 1997-இல் காட்டினார்கள். அவர்களே 2008-இல் வெளியிட்ட ஜூபிட்டர் ஆய்வில், கெட்ட கொலஸ்ட்ரால் அதிகமில்லாமல் சி.ஆர்.பி. மட்டும் கூடியிருந்த 17,802 பேர் பங்கேற்றார்கள். கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ரோசுவாஸ்டாடின் மாத்திரையைச் சாப்பிட்டவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பாதிப்புகள் 44 சதவீதம் குறைந்தன.

ஆனால் சி.ஆர்.பி.யே நோயை உண்டாக்குவதில்லை. மரபணு காரணமாகப் பிறவியிலேயே இந்த அளவு கூடியிருப்பவர்களுக்கு மாரடைப்பு அதிகம் வருவதில்லை என்று பெரிய ஆய்வுகள் தெளிவாக்கிவிட்டன. எனவே எண்ணைக் குறைப்பதாகச் சொல்லி விற்கப்படும் பொடிகளுக்குப் பணத்தைக் கொட்ட வேண்டாம்.

ரிப்போர்ட் வந்ததும் முதலில் அலகைப் பாருங்கள். லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில் 1-க்குக் கீழே என்றால் ஆபத்து குறைவு. 1 முதல் 3 வரை நடுத்தரம். 3-க்கு மேல் அதிகம். சில ஆய்வகங்கள் டெசிலிட்டர் கணக்கில் தருகின்றன. அங்கே 0.5 என்று இருந்தால் அது உண்மையில் 5. 10-க்கு மேல் போனால் பெரும்பாலும் ஏதோ தொற்றோ காயமோ காரணம். அது ஆறிய பிறகு மறுபடி எடுக்க வேண்டும். இரண்டு வார இடைவெளியில் இரண்டு முறை எடுத்துச் சராசரி பார்ப்பதே முறை. கர்ப்பம், கருத்தடை மாத்திரை, உடல் பருமன் ஆகியவையும் அளவை ஏற்றும். ரத்த அழுத்தம், சர்க்கரை, கொலஸ்ட்ரால், புகைப்பழக்கம் இவற்றோடு சேர்த்துத்தான் மருத்துவர் முடிவுக்கு வர வேண்டும். முடக்குவாதமோ சோரியாசிஸோ உள்ளவர்களுக்கு நாள்பட்ட அழற்சியால் இதய ஆபத்து கூடுதல். மூட்டுக்கும் தோலுக்கும் மட்டும் மருந்து வாங்கிக்கொண்டு திரும்பிவிடாமல், இதயப் பரிசோதனையையும் அவர்கள் கேட்டுப் பெற வேண்டும்.

அழற்சிதான் பிரச்சினை என்றால் அழற்சியைத் தணிக்கும் மருந்தைச் சாப்பிடலாமே என்று தோன்றலாம். இங்கே ஓர் எச்சரிக்கை. கவுட் வலிக்குத் தரப்படும் கோல்சிசின் என்ற பழைய மருந்து, குறைந்த அளவில் சில இதய நோயாளிகளுக்குப் பலன் தருவதை 2019, 2020 ஆய்வுகள் காட்டின. 2024-இல் வந்த பெரிய ஆய்வில் அந்தப் பலன் தெரியவில்லை. இம்மருந்து நம் மாநில மலரான செங்காந்தளின் விதையிலிருந்து எடுக்கப்படுகிறது. மூலனூர், தாராபுரம் பக்கம் கண்வலிக்கிழங்கு என்று பயிரிடுகிறார்களே, அதே செடிதான். இயற்கை மருந்து என்று நம்பி அந்தக் கிழங்கைத் தின்றால் உயிர் போகும். மாத்திரையையும் மருத்துவர் எழுதாமல் வாங்கவே கூடாது. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அது நஞ்சாகவே மாறலாம்.

இனி உரிமைகள். 'இந்தப் பரிசோதனை எனக்கு எதற்கு? முடிவு எப்படி வந்தாலும் என் சிகிச்சை மாறுமா?' என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. தேசிய மனித உரிமை ஆணையம் 2018-இல் தயாரித்த நோயாளிகள் உரிமைச் சாசனம், விரும்பிய ஆய்வகத்தைத் தேர்ந்தெடுக்கவும், கட்டணத்தை முன்கூட்டியே அறியவும், இன்னொரு மருத்துவரிடம் கருத்துக் கேட்கவும் உரிமை இருப்பதாகச் சொல்கிறது. பரிசோதனைக்கு அனுப்புவதற்காக மருத்துவர் கமிஷன் வாங்குவதை 2002 மருத்துவ நெறிமுறை விதிகள் தடை செய்கின்றன; கேட்ட 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவுகளைத் தர வேண்டும் என்பதும் அதே விதிகளில் உண்டு. மருத்துவரின் நடத்தை பற்றிய புகாரைத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலுக்கு அனுப்பலாம். பணம் கொடுத்துப் பெற்ற சேவையில் குறை இருந்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். ரசீதையும் ரிப்போர்ட்டையும் பத்திரப்படுத்துங்கள்.

கடைசியாக ஒன்று. நெஞ்சு அழுத்தமும் வியர்வையும் மூச்சுத் திணறலும் வந்தால் அது சி.ஆர்.பி. பார்க்கும் நேரமல்ல. அப்போது தேவைப்படுவது இ.சி.ஜி.யும் டிரோபோனின் பரிசோதனையும். உடனே 108-ஐ அழையுங்கள். பெரிய மருத்துவமனை தூரமென்றால் அருகிலுள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். 2023-இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தின்படி முதல்கட்ட மாத்திரைகளை அங்கேயே கொடுத்து மேல்சிகிச்சைக்கு அனுப்புவார்கள்.